நெட்வொர்க் டிரைவரின் பேக்கெட் வேகத்தை அளப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் டிரைவர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைப்பது, ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியை ஓட்டுவது, 10 கிகாபிட் கார்டில் 9.41 கிகாபிட் வந்ததும் "டிரைவர் பிரமாதம்" என்று முடிவு கட்டுவது. நானும் அப்படிக் கட்டியவன்தான். 1500 பைட் எம்டியூவில் (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) ஈதர்நெட், ஐபி, டிசிபி தலைப்புகளுக்கான இடம் போக மிஞ்சுவது அந்த 9.41. கம்பி நிரம்பிவிட்டது என்பதற்கு மேல் அந்த எண்ணில் சேதி எதுவும் இல்லை. போதாக்குறைக்கு டிஎஸ்ஓ என்ற வசதி வேறு இருக்கிறது. கெர்னல் பெரிய துண்டாகத் தள்ளிவிடும், கார்டே அதைச் சிறு பேக்கெட்டுகளாக நறுக்கிக்கொள்ளும். அப்போது டிரைவர் கண்ணில் படும் துண்டுகளின் எண்ணிக்கை கம்பியில் போகும் பேக்கெட்டுகளைவிடப் பல மடங்கு குறைவு.

டிரைவரின் செலவு பைட் கணக்கில் ஏறுவதில்லை, பேக்கெட் கணக்கில்தான் ஏறுகிறது. உள்ளடக்கத்தை நினைவகத்தில் கொண்டு வைப்பது கார்டின் வேலை. டிரைவர் செய்வது பேக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பான டிஸ்கிரிப்டரைப் படிப்பது, பேக்கெட் கிடக்கும் நினைவக இடமான பஃபரை எடுப்பது, புதிய பஃபரை நிரப்பி வைப்பது, மேலே உள்ள அடுக்கிடம் ஒப்படைப்பது. பேக்கெட் 64 பைட்டாக இருந்தாலும் 1518 பைட்டாக இருந்தாலும் இந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் டிரைவரை அளக்க விரும்பினால் மிகச் சிறிய பேக்கெட்டை, கம்பி தாங்கும் அளவுக்குக் கொட்ட வேண்டும்.

கணினியைத் தொடுமுன் ஒரு காகிதக் கணக்கு

ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். ஆனால் கம்பியில் அது பிடிக்கும் இடம் 84 பைட். முன்னால் 8 பைட் முன்னறிவிப்பு, பின்னால் 12 பைட் அளவுக்குக் கட்டாய இடைவெளி. 84 பைட் என்றால் 672 பிட். 10 கிகாபிட்டை 672ஆல் வகுத்தால் நொடிக்கு 1,48,80,952 பேக்கெட். துறையில் எல்லோர் வாயிலும் புழங்கும் 14.88 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த எண்ணுக்குப் பின்னால் வரும் அலகைத் தமிழில் "எம்பிபிஎஸ்" என்று எழுதினால் மெகாபிட்டா, மெகா பேக்கெட்டா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டுக்கும் எழுத்து ஒன்றாகிவிடுகிறது. நான் மெகா பேக்கெட், அதாவது பத்து லட்சம் பேக்கெட், என்றே எழுதுகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் விரித்தே எழுதிவிடுங்கள்.

இப்போது அதே எண்ணைத் தலைகீழாக்குங்கள். நொடிக்கு 14.88 மெகா பேக்கெட் என்றால் ஒரு பேக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் கோரில் அது ஏறத்தாழ 200 சைக்கிள். கேஷில் இல்லாத ஒரு தரவுக்காக முதன்மை நினைவகம் வரை போய் வந்தால், அந்த ஒரு பயணமே இந்த 67 நானோநொடியைத் தின்றுவிடக்கூடும். 1518 பைட் ஃபிரேமுக்கு அதே கம்பியில் 1230 நானோநொடி அவகாசம் உண்டு. பெரிய பேக்கெட்டில் எல்லா டிரைவரும் நல்ல டிரைவராகத் தெரிவதன் ரகசியம் இதுதான். 25 கிகாபிட்டில் சிறிய பேக்கெட்டுக்கு 26.88 நானோநொடி. 100 கிகாபிட்டில் 6.72 நானோநொடி, அதாவது 20 சைக்கிள். ஒற்றைக் கோரில் அதைச் சமாளிக்கலாம் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

நானோநொடிக்கு மாற்றும் இந்தப் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். "என் திருத்தத்தால் ஒரு மெகா பேக்கெட் கூடியது" என்று யாராவது சொன்னால் அது பெரிய சாதனையா, அற்ப விஷயமா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1லிருந்து 2 ஆனால் பேக்கெட்டுக்கு 500 நானோநொடி மிச்சம். 10லிருந்து 11 ஆனால் மிச்சம் 9 நானோநொடிதான். சதவீதமும் இதே போல ஏமாற்றும். 1லிருந்து 1.1 ஆனாலும் 10 சதவீதம், 10லிருந்து 11 ஆனாலும் 10 சதவீதம். முன்னதில் 91 நானோநொடி குறைந்திருக்கிறது, பின்னதில் 9. டிரைவரில் ஒரு வரியை நீக்கினால் குறைவது நேரம். வேகம் அதன் விளைவு. ஆகவே நேரத்தையே எழுதுங்கள்.

இரண்டு பொறி, ஒரு கேபிள்

பேக்கெட்டை உருவாக்கி அனுப்பும் பொறி ஒன்று, அளக்கப்படும் டிரைவர் ஓடும் பொறி ஒன்று. இரண்டையும் நேரடியாக இணையுங்கள். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதன் பஃபரையும் சேர்த்து அளப்பீர்கள், எங்கே தொலைந்தது என்ற கேள்விக்கு இன்னொரு சந்தேக நபரும் சேர்ந்துவிடுவார். ஒரே பொறியில் இரண்டு கார்டைப் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது வசதிதான். ஆனால் இரண்டும் ஒரே கேஷையும் நினைவக வழியையும் பங்கிடும். கற்றுக்கொள்வதற்கு அது போதும், எண்ணை வெளியே சொல்வதற்குப் போதாது.

அளக்கப்படும் பொறியை அடக்கி வைத்தல்

அலுப்பூட்டும் கட்டம் இது. தவறான எண்களில் பெரும்பங்கு பிறப்பதும் இங்கேதான்.

முதலில் கோரின் வேகம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு கோரின் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அதை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றுங்கள். டர்போவையும் அணைத்துவிடுவது நல்லது. எண் குறையும், ஆனால் நிலையாக இருக்கும். ஆழ்ந்த உறக்க நிலைகள் தாமதச் சோதனையைக் கெடுக்கும், அவற்றுக்கும் வரம்பு வையுங்கள். ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஒரே கோரின் இரு பாதிகளில் இரண்டு வேலைகள் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அதையும் அணைக்க வேண்டும்.

அடுத்து நூமா, அதாவது எந்த நினைவகமும் கார்டும் எந்தப் பிராசசருக்கு அருகில் என்ற அமைப்பு. இரண்டு பிராசசர் உள்ள பொறியில் கார்டு ஏதாவது ஒன்றோடுதான் ஒட்டியிருக்கும். சிஸ் அடைவில் அந்தக் கார்டின் பெயருக்குக் கீழே டிவைஸ் என்ற அடைவுக்குள் நூமா நோட் என்ற கோப்பைப் படித்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். பேக்கெட் வந்ததும் கார்டு கோரைத் தட்டி எழுப்பும் இன்டரப்டை மறுபக்கத்துக் கோரில் வைத்து அளந்தால், ஒவ்வொரு பேக்கெட்டும் பிராசசர்களுக்கு இடையிலான பாலத்தைக் கடந்து வரும். ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற சேவையை நிறுத்திவிட்டு, இன்டரப்டுகளைக் கையால் கோர்களில் கட்டுங்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் கட்டியதை அது சில நொடிகளில் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிடும். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அகலம். எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று கார்டால் எவ்வளவு முடியும் என்பது, மற்றொன்று உண்மையில் எவ்வளவில் ஓடுகிறது என்பது. பின்னதைத்தான் நம்ப வேண்டும். மூன்றாம் தலைமுறையில் 8 தடம் என்றால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 63 கிகாபிட், 16 தடம் என்றால் 126. பார்வைக்கு 16 தடமாக இருக்கும் சில ஸ்லாட்டுகளில் உள்ளே 4 அல்லது 8 தடம்தான் இணைந்திருக்கும். 100 கிகாபிட் கார்டை அதில் செருகிவிட்டு டிரைவரைத் திட்டிப் பயனில்லை. அந்த 63இலும் முழுதும் நமக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பேக்கெட்டோடும் டிஸ்கிரிப்டர் போக்குவரத்தும் பிசிஐயின் சொந்தத் தலைப்புகளும் சேரும். பேக்கெட் சிறியதாக ஆக இந்த மேல்செலவின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

கார்டு நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ இயங்குகிறதா, ஸ்பெக்டர் போன்ற பிராசசர் ஓட்டைகளுக்கான தடுப்புகள் இயங்குகின்றனவா என்பதைக் குறித்து வையுங்கள். 2018இல் வந்த ரெட்பொலின் தடுப்பு மறைமுக ஃபங்ஷன் அழைப்புகளின் விலையை ஏற்றியது. பேக்கெட் பாதை முழுக்க அப்படிப்பட்ட அழைப்புகள்தான். அணைக்கச் சொல்லவில்லை. எந்த நிலையில் அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணை வேறொரு எண்ணோடு ஒப்பிட முடியாது, அவ்வளவுதான்.

கடைசியாகப் பாஸ் ஃபிரேம். வாங்கும் கார்டு திணறும்போது "கொஞ்சம் பொறு" என்று அனுப்பும் கார்டுக்குச் சொல்லும் ஈதர்நெட் ஏற்பாடு இது. பல கார்டுகளில் முன்னிருப்பாகவே இயங்கும். இதனோடு எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒரு வாரம் முழுக்க டிரைவரைத் திருத்தி, ஒரு பேக்கெட்கூடத் தொலையவில்லை என்று பெருமையாக அறிக்கை எழுதினேன். அதைப் படித்த மூத்தவர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "அனுப்புகிற பக்கம் எவ்வளவு அனுப்பினாய்?" போய்ப் பார்த்தால் அனுப்பும் வேகமே பாதியாகக் குறைந்திருந்தது. வாங்கும் கார்டு கையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அனுப்பும் கார்டு பணிவாகக் காத்திருந்திருக்கிறது. கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் ஆங்கிலச் சிறிய ஏ இப்போதைய நிலையைக் காட்டும், பெரிய ஏ அதை மாற்றும். இரு முனையிலும், இரு திசையிலும் அணைத்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

அனுப்பும் பக்கத்தை முதலில் சந்தேகியுங்கள்

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே பேக்கெட்ஜென் என்ற மாட்யூல் இருக்கிறது. தொடங்குபவருக்கு இது போதும். மாட்யூலை ஏற்றியதும் ப்ராக் அடைவில் நெட் என்பதற்குள் அதற்கென்று ஓர் அடைவு முளைக்கும். ஒவ்வொரு கோருக்கும் ஒரு கோப்பு, மொத்தத்தையும் தொடங்கி நிறுத்த ஒரு கோப்பு. கோரின் கோப்பில் எந்தக் கார்டு என்று எழுத வேண்டும். பிறகு கார்டுக்கான கோப்பில் எத்தனை பேக்கெட், என்ன அளவு, சேர வேண்டிய ஐபி, சேர வேண்டிய மேக் முகவரி ஆகியவற்றை எழுதிவிட்டு, தொடக்கக் கோப்பில் ஸ்டார்ட் என்று எழுதினால் ஓடும். கையால் எழுதத் தேவையில்லை. கெர்னல் மூலத்தில் சாம்பிள்ஸ் அடைவுக்குள் பேக்கெட்ஜெனுக்கான ஸ்கிரிப்டுகள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் படித்தால் பாடமும் ஆயிற்று.

புதியவர்கள் விழும் குழிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அளவு என்ற இடத்தில் 60 என்று எழுத வேண்டும், 64 அல்ல. கடைசி 4 பைட் சரிபார்ப்புத் தொகையைக் கார்டு சேர்க்கும். 64 என்று எழுதினால் கம்பியில் 68 போகும், உச்ச வேகம் 14.88ஐத் தொடவே தொடாது. ஏன் 14.2இல் நிற்கிறது என்று டிரைவரைத் துருவிக்கொண்டிருப்பீர்கள்.

மேக் முகவரி தவறாக இருந்தால் வாங்கும் கார்டே அதை வடிகட்டிவிடும். கோர் சும்மா இருக்கும், டிரைவரின் பேக்கெட் கவுன்ட்டரில் எதுவும் ஏறாது. டிரைவர் செத்துவிட்டதோ என்று பதறாமல் முகவரியைப் பாருங்கள்.

மூன்றாவது குழி கொஞ்சம் நுட்பமானது. ஒரே பேக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லும் குளோன் என்ற அமைப்பும், பலவற்றைச் சேர்த்துத் தள்ளும் பர்ஸ்ட் என்ற அமைப்பும் இல்லாமல் ஒரு கோரில் உச்ச வேகத்தை எட்டுவது கடினம். ஒவ்வொரு முறையும் புதிய பேக்கெட்டை உருவாக்கும் செலவு அவ்வளவு. ஆனால் குளோன் இருக்கும்போது போர்ட் எண்ணை மாற்றிக்கொண்டே இரு என்று சொன்னாலும், புதிய பேக்கெட் பிறக்கும்போதுதான் எண் மாறும். குளோன் 1000 என்றால் ஆயிரம் பேக்கெட் ஒரே முகத்தோடு வரும். வாங்கும் கார்டு பேக்கெட்டுகளைப் பிரித்து வைக்கும் பல வரிசைகளுக்குப் பரவும் என்று நினைத்து அளந்தால், அலை அலையாக ஒவ்வொரு வரிசையாக மோதிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியான பின் அனுப்பும் பொறியைத் தனியாக அளந்துவிடுங்கள். வாங்கும் பக்கத்தில் எதுவும் செய்யாமல், அனுப்பியவர் கணக்கும் வாங்கும் கார்டின் வன்பொருள் கவுன்ட்டரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அனுப்புபவரால் 9 மெகா பேக்கெட்தான் முடியும் என்றால், வாங்கும் டிரைவரின் உச்சம் 9 என்று எழுதுவது பொய்க்கணக்கு.

தாமதத்தைத் துல்லியமாக அளக்க வேண்டி வந்தால் பேக்கெட்ஜென் போதாது. சிஸ்கோவின் டிரெக்ஸ், வன்பொருள் நேரமுத்திரையைப் பயன்படுத்தும் மூன்ஜென் போன்றவற்றுக்குப் போக வேண்டும். இரண்டும் டிபிடிகே மேல் நிற்பவை. அதாவது கெர்னலைச் சுற்றிக்கொண்டு நேராகக் கார்டோடு பேசுபவை.

வாங்கும் பக்கம்: ஒரு வரிசை, ஒரு கோர்

எட்டு கோரில் தொடங்கும் ஆசை வரும். வேண்டாம். ஈத்டூலில் பெரிய எல் கொண்டு வரிசைகளை ஒன்றாகக் குறைத்து, அதன் இன்டரப்டை ஒரு கோரில் கட்டுங்கள். இப்போது எல்லாச் செலவும் ஒரே இடத்தில் குவியும், எங்கும் ஒளிய முடியாது.

வந்த பேக்கெட்டை எங்கே தூக்கி எறிகிறோம் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஒரே பேக்கெட் வெள்ளத்தை மூன்று வெவ்வேறு ஆழங்களில் எறிந்து பார்க்கிறோம்.

முதலில் எக்ஸ்டிபியில் எறிவது. 2016இல் லினக்ஸ் 4.8இல் சேர்ந்த வசதி இது. டிரைவருக்குள்ளேயே, கெர்னல் பேக்கெட்டைச் சுமக்கும் தன் எஸ்கேபி கட்டமைப்பை உருவாக்குமுன்னரே, கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டக்கூடிய ஒரு சிறு பிபிஎஃப் நிரல் பேக்கெட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். எறி என்று மட்டும் சொல்லும் நிரலை ஏற்றினால், கிடைக்கும் எண் ஏறத்தாழ டிரைவரின் தனிச் செலவு. ஏற்றிய பிறகு ஐபி லிங்க் வெளியீட்டைப் பாருங்கள். ஜெனரிக் என்ற சொல் தென்பட்டால் டிரைவரில் ஆதரவு இல்லை, கெர்னல் உங்களுக்காகப் பின்னால் எங்கோ நாடகம் ஆடுகிறது என்று பொருள். அந்த எண்ணுக்கும் டிரைவருக்கும் உறவு குறைவு.

அடுத்து டிசி என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அடுக்கின் நுழைவாயிலில் எறிவது. இங்கே எஸ்கேபி பிறந்துவிட்டது. மூன்றாவதாக ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் ரா அட்டவணையில், ப்ரீரவுட்டிங் சங்கிலியில் எறிவது. இப்போது பேக்கெட் ஐபி அடுக்கின் வாசலுக்கே வந்துவிட்டது.

மூன்றையும் நானோநொடிக்கு மாற்றிக் கழித்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 25 கிகாபிட் கார்டில், எக்ஸ்டிபியில் 20 மெகா பேக்கெட், டிசியில் 5 என்று வைத்துக்கொள்வோம். 50 நானோநொடி, 200 நானோநொடி. இடையில் இருக்கும் 150 நானோநொடி எஸ்கேபியைப் பிறப்பித்து, ஒட்டித் தைத்து, மேலே ஏற்றி, பின் அழித்த செலவு. டிரைவரின் 50இல் ஐந்தைக் குறைக்கப் பாடுபடுவதா, அந்த 150ஐப் பார்ப்பதா என்று இப்போது உங்களுக்கே தெரியும். வேகத்திலிருந்து வேகத்தைக் கழித்தால் 15 மெகா பேக்கெட் என்று பொருளற்ற ஓர் எண்தான் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று: அந்தக் கோர் 100 சதவீதம் வேலையில் இருக்கிறதா? எம்பிஸ்டாட் கட்டளையில் சாஃப்ட்ஐஆர்க்யூ பத்தியைப் பாருங்கள். கோர் 60 சதவீதத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, வேகம் 11 மெகா பேக்கெட்டில் நிற்கிறது என்றால், நீங்கள் அளப்பது டிரைவரை அல்ல. அனுப்புபவரை, பிசிஐயை, கார்டின் உட்கூறுகளை அளக்கிறீர்கள்.

தொலைந்தவை எங்கே?

அனுப்பியது = வாங்கியது + பெயர் தெரிந்த இடங்களில் தொலைந்தது. இந்தச் சமன்பாடு ஈடாகும்வரை எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள்.

ஈத்டூலில் பெரிய எஸ் போட்டால் கார்டின் கவுன்ட்டர்கள் நீண்ட பட்டியலாக வரும். பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் மாறும், ஒரே பெயர் இரண்டு டிரைவரில் வேறு பொருளில் வருவதும் உண்டு. சந்தேகம் வந்தால் டிரைவரின் மூலத்தைத் திறந்து, அந்தப் பெயர் எங்கே கூட்டப்படுகிறது என்று தேடுவதே ஒரே வழி. பொதுவாக ஆர்எக்ஸ் மிஸ்ட் என்ற வகைப் பெயர், கார்டு வாங்கிவிட்டது, ஆனால் வைக்க ரிங்கில், அதாவது டிஸ்கிரிப்டர்களின் வட்ட வரிசையில், இடமில்லை என்பதைக் குறிக்கும். கோர் வேகமாக அள்ளவில்லை என்பது அதன் சாரம்.

ப்ராக் அடைவில் நெட் என்பதற்குள் சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற கோப்பு இருக்கும். ஒரு வரிக்கு ஒரு கோர். எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், பத்தடிமானம் என்று நினைத்துக் கூட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். முதல் பத்தி கையாண்ட பேக்கெட், இரண்டாவது பேக்லாக் வரிசை நிரம்பியதால் தொலைந்தது, மூன்றாவது நேரமோ ஒதுக்கீடோ தீர்ந்து பாதியில் நிறுத்த நேர்ந்த தடவை. மூன்றாவது ஏறினால் எதுவும் தொலைந்தது என்று பொருளில்லை. இன்னும் வேலை மிச்சமிருக்கும்போதே எழுந்து போக நேர்ந்தது என்று மட்டுமே பொருள்.

சில டிரைவர்கள் வன்பொருள் கவுன்ட்டர்களை ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்து எண்ணைப் படியுங்கள்.

உச்சமா, இழப்பற்ற வேகமா?

இரண்டும் வேறு. மேலே செய்தது உச்சத்தைக் கண்டறிவது: கொட்டிக்கொண்டே இரு, எவ்வளவு தேறுகிறது பார். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2544 என்ற சோதனைமுறை ஆவணம் கேட்பது மற்றதை. ஒரு பேக்கெட்கூடத் தொலையாமல் எவ்வளவு வேகம் வரை போகலாம்? ஈதர்நெட்டுக்கு அது சொல்லும் ஃபிரேம் அளவுகள் 64, 128, 256, 512, 1024, 1280, 1518. ஓர் ஓட்டம் குறைந்தது 60 நொடி. முழு வேகத்தில் தொடங்கி, தொலைந்தால் பாதியாக்கி, தொலையாவிட்டால் இடைப்பட்ட வேகத்துக்கு ஏறி, இருபுறமும் நெருக்கிக்கொண்டே வந்து விடையைப் பிடிக்கலாம்.

பொதுப்பயன் கெர்னலில் இந்தச் சோதனை கொஞ்சம் கொடுமையானது. ஒரு நிமிடத்தில் ஏதோ ஒரு டைமர் ஒருமுறை கோரைப் பிடித்து வைத்ததால் 40 பேக்கெட் தொலைந்தாலும் தோல்விதான். அதனால் முழுச் சுழியத்தோடு, மிகச் சிறிய இழப்பு விகிதம் ஒன்றையும் வரம்பாக வைத்து இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தாங்கும் வேகத்துக்கு மேல் கொட்டும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். நல்ல டிரைவரில் கோடு உச்சத்தைத் தொட்டு அப்படியே மட்டமாகப் போகும். இன்டரப்டை மட்டுமே நம்பியிருந்த பழைய அமைப்புகளில் கோடு உச்சத்துக்குப் பின் சரிந்து சுழியத்தை நோக்கி விழும். இன்டரப்டுக்குப் பதில் சொல்வதிலேயே கோரின் முழு நேரமும் போய்விடும், பேக்கெட்டைக் கையாள நேரமிருக்காது. மொகுலும் ராமகிருஷ்ணனும் 1996இல் விவரித்த லைவ்லாக் இதுதான். லினக்ஸில் நாப்பி வந்ததும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். முதல் இன்டரப்டில் விழித்துக்கொண்டு, மேற்கொண்டு இன்டரப்டை அடக்கிவிட்டு, தானே போய்ப் போய்ப் பார்த்து ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பேக்கெட் வரை அள்ளும். கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் நாப்பி போல் என்ற டிரேஸ்பாயின்ட்டை இயக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை அள்ளியது என்று தெரியும். பெரும்பாலும் 64 என்றால் கோர் மூச்சுவிடாமல் உழைக்கிறது. 3, 5 என்று வந்தால் வேலை குறைவு, இன்டரப்ட் அடிக்கடி எழுப்புகிறது.

தாமதம்

சராசரித் தாமதத்தை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்லாதீர்கள். நூற்றில் 99 பேக்கெட் எதற்குள் வந்தது, ஆயிரத்தில் 999 எதற்குள் வந்தது என்ற பரவலே பயன்படும். அதையும் இழப்பற்ற வேகத்துக்குக் கீழே, சொல்லப்போனால் பாதிச் சுமையிலும் முக்கால் சுமையிலும் அளக்க வேண்டும். உச்சத்துக்கு மேல் அளக்கும் தாமதம் வெறும் ரிங்கின் நீளம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர் நொடிக்கு 2 மெகா பேக்கெட் அள்ளுகிறது, ரிங்கில் 4096 இடம். ரிங் நிரம்பியிருக்கும்போது கடைசியில் வந்து நிற்கும் பேக்கெட் 2 மில்லிநொடிக்கு மேல் காத்திருக்கும். 512 இடம் என்றால் கால் மில்லிநொடி. இழப்பைக் குறைக்க ரிங்கைப் பெரிதாக்குவது பலரின் முதல் கைவைத்தியம். இழப்பு கொஞ்சம் குறையும், தாமதம் நிச்சயம் ஏறும். பஃபர்கள் கேஷில் அடங்காமல் போய் வேகமே குறைவதும் உண்டு. இன்டரப்டைச் சேர்த்து வைத்து எழுப்பும் மைக்ரோநொடி அமைப்பும் அப்படித்தான். வேகச் சோதனைக்கும் தாமதச் சோதனைக்கும் ஒரே அமைப்பை வைத்திருங்கள். இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று மாற்றி அளந்துவிட்டு இரண்டு சிறந்த எண்களையும் ஒரே அட்டவணையில் போடுவது ஏமாற்று வேலை.

நேரம் எங்கே போகிறது

பெர்ஃப் கருவியை அந்த ஒரு கோரின் மேல் மட்டும் ஓட்டுங்கள். முதலில் எண்ணிக்கை: 10 நொடியில் எத்தனை சைக்கிள், பிராசசர் நிறைவேற்றியது எத்தனை கட்டளை, எத்தனை கேஷ் தவறல். மூன்றையும் அதே 10 நொடியில் வந்த பேக்கெட் எண்ணிக்கையால் வகுங்கள். "பேக்கெட்டுக்கு 240 சைக்கிள், 310 கட்டளை, 1.2 கேஷ் தவறல்" என்பது போல ஒரு வரி கிடைக்கும். திருத்தத்துக்கு முன்பும் பின்பும் இந்த வரியை ஒப்பிட்டால் கதை தெரிந்துவிடும். கட்டளை எண்ணிக்கை மாறாமல் சைக்கிள் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் கேஷ் விஷயம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் உண்மையிலேயே வேலை குறைந்திருக்கிறது. அதன் பிறகுதான் எந்த ஃபங்ஷன் எவ்வளவு என்ற பட்டியலுக்குப் போக வேண்டும். அங்கேயும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பேக்கெட்டுக்கான நானோநொடியால் பெருக்குங்கள். பட்டியல் எடுக்கும் ஓட்டத்தின் வேகத்தை முடிவாக எழுதாதீர்கள். பெர்ஃபும் அந்தக் கோரில்தான் சோறு தின்கிறது.

பிறகு பல கோர்

ஒற்றைக் கோர் கதை புரிந்த பின் 2, 4, 8 என்று வரிசைகளைக் கூட்டுங்கள். பேக்கெட்டை எந்த வரிசைக்கு அனுப்புவது என்று ஆர்எஸ்எஸ் முடிவு செய்யும். முகவரி, போர்ட் ஆகியவற்றை ஹாஷ் செய்து பிரிக்கும். எல்லாப் பேக்கெட்டும் ஒரே முகவரி, ஒரே போர்ட் என்றால் எத்தனை வரிசை வைத்தாலும் ஒன்றில்தான் விழும். யூடிபிக்குப் பல கார்டுகள் முன்னிருப்பாக ஐபி முகவரியை மட்டுமே ஹாஷில் சேர்க்கும். போர்ட்டை மாற்றி மாற்றி அனுப்பியும் பரவவில்லையே என்றால் காரணம் இதுதான். ஈத்டூலில் பெரிய என் கொண்டு போர்ட்டையும் சேர்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு வரிசையின் கவுன்ட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். கோர் இரட்டிப்பானதும் வேகம் இரட்டிப்பாகாவிட்டால், கோர்கள் எதையோ பங்கிடுகின்றன. பொதுவான ஒரு கவுன்ட்டர், ஒரு பூட்டு, நினைவக ஒதுக்கீடு, கடைசியில் பிசிஐ என்ற வரிசையில் தேடிப் பாருங்கள்.

எண்ணை எழுதுமுன்

ஒவ்வொரு அளவையும் குறைந்தது ஐந்து முறை எடுங்கள். பழைய டிரைவரில் ஐந்து, புதியதில் ஐந்து என்று அடுத்தடுத்து எடுக்காமல், பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி எடுங்கள். பொறி சூடாகும்போது வரும் சறுக்கல் ஒரு பக்கத்தை மட்டும் தாக்காமல் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். பஃபர்கள் நினைவகத்தில் எங்கே அமர்கின்றன என்பது ஒவ்வொரு முறையும் மாறும், எண்ணும் அதோடு மாறும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பழைய டிரைவரையே பழைய டிரைவரோடு ஒப்பிடுங்கள். ஒரு முறை அப்படியே, இன்னொரு முறை யாரும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷனை மட்டும் சேர்த்துக் கம்பைல் செய்து. குறியீடு நினைவகத்தில் சில பைட் நகர்ந்ததற்கே பேக்கெட்டுக்கு 2, 3 நானோநொடி மாறுவதைப் பார்ப்பீர்கள். உங்கள் பொறியில் அந்த எண் 3 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திருத்தம் 2 நானோநொடி மிச்சப்படுத்துவதாகத் தெரிந்தால், அறிக்கையில் "வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதுங்கள்.